சட்டப்படி சந்தோஷமானவன்

சட்டப்படி நான் ஒரு சந்தோஷமான மனிதன். வாய்ப்பேச்சு இல்லை; விமானப் போக்குவரத்து அலுவலகம் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. உங்களில் எத்தனை பேரிடம் அப்படி ஒரு தாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் மனைவி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துத் தவறாக எண்ணிவிடக் கூடாதாம்.

முகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு ஜன்னலுக்குப் பின்னால் என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. வெளியே ஒருவர் காலி வாளியோடு நிற்கும்போது உள்ளே இருப்பவன் சிரித்தால் வாளி உள்ளே வரும். அனுதாபம் காட்டினாலோ ஆளே உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். ஆகவே சிரிப்பும் இல்லாத, அழுகையும் இல்லாத, பூட்டிய கடை மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற அன்று சாவி, நாற்காலி, முத்திரைக் கட்டை எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். முகத்தை வாங்கி வைத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அந்த முகத்தோடு பகல் முழுவதும் நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததில் என் மனைவிக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. மகளிடம் போனில் அழுதிருக்கிறாள். மகள் வேலை பார்க்கும் இடத்தில் குலுக்கல் நடந்து அவளுக்கு ஒரு டிரோன் விழுந்திருந்தது. நான்கு விசிறி, முன்னால் ஒரு கேமரா. அப்பா மாடிக்குப் போய்த் தொலைந்தால் சரி என்று அதை அனுப்பிவைத்தாள். நான் அதற்குக் குளவி என்று பெயர் வைத்தேன். என் மனைவி கொசு என்றாள்.

குளவி வந்த பிறகுதான் எனக்கு ஊர் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க ‘தொட்டி நிரம்பிக்கிட்டிருக்கு, நாளைக்குத் தண்ணி வந்துடும்’ என்று நான் சொல்லிவந்த தொட்டியை முதன்முறையாக மேலிருந்து பார்த்தேன். உள்ளே ஒரு மரம் வளர்ந்து, அதன் நிழலில் இரண்டு பூனைகள் படுத்திருந்தன. காகங்கள் முதலில் குளவியைக் கொத்தப் பார்த்தன. பிறகு பழகிவிட்டன. ஒரு காகம் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்து, கூடு கட்டலாமா என்ற தோரணையில் நின்றது. குளவிக்கு அதில் விருப்பம் இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய வசதி, கீழேயிருந்து என் மனைவி எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் ‘இறக்கிக்கிட்டிருக்கேன்’ என்று சொல்லிவிடலாம். நடுவானில் ஒன்றை விட்டுவிட்டு வா என்று எந்த மனைவியும் சொல்ல முடியாது.

இந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவன் என் மச்சான். மனைவியின் தம்பி. கூரை வேலை எடுத்துச் செய்கிறவன். அவன் ஒழுகலை அடைத்தால் அடைத்த இடத்தில் ஒழுகாது. ஒழுகல் நகர்ந்துபோய் அடுத்த அறையில் ஒழுகும். ஒருநாள் எங்கள் வீட்டு டிவியில் குளவி எடுத்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றுவிட்டான்.

“அத்தான், நிறுத்துங்க. அந்த வெடிப்பு யாரு வீட்டுது?”

“பல் டாக்டர் வீடு.”

“எவ்வளவு அழகா வெடிச்சிருக்கு.”

அவன் கல்யாணத்தில்கூட அப்படிக் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனான். மறு வாரம் நாற்சந்தியில் பஸ் நீளத்துக்கு ஒரு பேனர் நின்றது. ‘உங்கள் கூரை மேலிருந்து எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?’ கீழே அவன் தொலைபேசி எண். நடுவில் வெடிப்பு. வெடிப்புக்குப் பக்கத்தில், உள்ளாடை மட்டும் உடுத்தி, வெயில் காய்ந்தபடி, வாயைப் பிளந்துகொண்டு பல் டாக்டர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மச்சான் அவரைக் கவனிக்கவே இல்லை. கூரைக்காரன் கண்ணுக்குக் கூரைதான் தெரியும். ஆனால் பஸ் நீளத்துக்குப் பெரிதாக்கினால் டாக்டரும் ஒரு பசுமாடு அளவுக்கு வருவார் அல்லவா. பிளந்த வாயில் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை என்று சிக்னலில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

டாக்டர் காவல் நிலையத்துக்குப் போனார். அங்கே எல்லோரும் பேனரை ஏற்கெனவே பார்த்திருந்ததால் விசாரணை நடத்த முடியாமல் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்களாம். தன் உள்ளாடையைக் காப்பாற்ற இந்த ஊரில் ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டவர், வானத்தைக் காப்பாற்றுகிறவர்களிடம் போனார். வியாபாரத்துக்காக லைசன்ஸ் இல்லாமல் பறக்கவிட்டிருக்கிறான் என்று என்மேல் புகார். வானத்துக்குச் சட்டம் இருந்தது.

நாளைக்கு விசாரணைக்கு வருகிறோம் என்று விமான அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வியாபாரம்தான் என்று முடிவானால் குளவியைப் பறிமுதல் செய்து நசுக்கிவிடுவார்கள், அதன்பின் மாடியில் நான் எதையும் பறக்கவிடக் கூடாது. அதாவது மறுபடியும் நாற்காலி. எதிரே என் மனைவி. நடுவில் என் முகம்.

மச்சான் ஓடிவந்தான். போனில் விதிகளைத் தேடிப் படித்தான்.

“அத்தான், ஒண்ணும் பயப்படாதீங்க. சந்தோஷத்துக்குப் பறக்கவிட்டா லைசன்ஸ் வேணாமாம். நீங்க சந்தோஷமா இருந்தீங்கன்னு அவர் நம்பிட்டாப் போதும்.”

“சந்தோஷமாத்தான்டா இருந்தேன்.”

“அது உங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? எங்க, ஒரு தடவ சிரிங்க.”

சிரித்தேன். அவன் ஓரடி பின்வாங்கினான்.

“மேல் வரிசையை மட்டும் காட்டுங்க அத்தான். கீழ் வரிசை மிரட்டுது.”

வாசலில் நின்று பழகிக்கொண்டிருந்தபோது பால்காரர் வந்தார். என்னைப் பார்த்துப் பாலை அப்படியே கீழே வைத்துவிட்டு, “ரொம்ப வலிக்குதா சார்? நாற்சந்தியில ஒரு பல் டாக்டர் போட்டோ மாட்டியிருக்கு, அவரப் போய்ப் பாருங்க” என்றார்.

மறுநாள் காலையில், விமான அலுவலகம் என்பதால் மச்சான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். நல்ல மனிதர், நடுத்தர வயது. இத்தனை நாள் விமான இறக்கையில் திருகாணி முடுக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவராம். டிரோன்கள் பெருகிவிட்டதால் மனிதர்களை முடுக்கிப் பார்க்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். திருகாணி பொய் சொல்லாது என்பதைப் பேச்சுக்கு நடுவே ஏக்கத்தோடு சொன்னார்.

“சார், உங்க மச்சான் படத்த எடுத்து விளம்பரம் போட்டதுல எனக்கு ஒண்ணும் இல்ல. சும்மா எடுத்த படத்த அப்புறம் யாரும் எதுக்கும் வெச்சுக்கலாம். மெஷின் தரைய விட்டுக் கிளம்புச்சே, அந்த நேரத்துல உங்க மனசுல என்ன இருந்துச்சு? அதான் கேள்வி. சந்தோஷத்துக்குக் கிளம்பியிருந்தா நான் இப்பவே போயிடுவேன். கூரை வியாபாரத்துக்குன்னு கிளம்பியிருந்தா நீங்க பரீட்ச எழுதி லைசன்ஸ் வாங்கியிருக்கணும்.”

“சந்தோஷத்துக்குத்தான்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதையே கொஞ்சம் சந்தோஷமா சொல்லுங்க.”

“சந்தோஷத்துக்குத்தான்.”

“எழவுச் சேதி மாதிரி இருக்கு சார்.”

மச்சான் பின்னாலிருந்து தன் மேல் வரிசைப் பற்களைத் தொட்டுக் காட்டினான். நான் பழகியபடி சிரித்தேன். அதிகாரி என் மனைவி பக்கம் திரும்பி, “அம்மா, இவருக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றார்.

தண்ணீர் குடித்தேன். படத்துக்கு மச்சான் பதிலுக்கு ஏதாவது கொடுத்தானா என்று கேட்டார். கொடுத்தான், அறிவுரை, என்றேன். அதை அவர் ஊதியமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வீடியோவைப் போடச் சொன்னார். குளவி தரையில் நிற்கும்போதே கேமரா ஓட ஆரம்பித்துவிடும். குனிந்து அதைக் கிளப்பும் என் முகம் டிவி முழுக்க நிறைந்தது.

நானே சொல்கிறேன், அது பார்க்கத் தக்க காட்சி இல்லை. மச்சான் தலையைக் குனிந்துகொண்டான்.

“சார்,” என்றார் அதிகாரி மெதுவாக, “இது சந்தோஷமா இருக்கற மனுஷன் முகமா?”

“அதான் என் சந்தோஷ முகம்.”

“அப்ப வருத்தமான முகம்?”

“அதுவும் இதான்.”

அவர் பொறுமைசாலி. ஒப்பிட்டுப் பார்க்க, நான் உறுதியாகச் சந்தோஷமாக இருந்த நாட்களின் போட்டோக்கள் வேண்டும் என்றார். என் மனைவி ஆல்பங்களைக் கொண்டுவந்து போட்டாள். என் கல்யாணம், மகள் பிறந்தது, மகள் பட்டம் வாங்கியது, நான் ஓய்வு பெற்றது. அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். விரலால் ஒரு போட்டோவின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

“ஒரே போட்டோவ வெட்டி வெட்டி எல்லாத்துலயும் ஒட்டிட்டீங்களா?”

“இல்ல. நேர்லதான் போயிருந்தேன்.”

அதிகாரி ஆல்பத்தை மூடினார். “மன்னிச்சுக்குங்க சார். நீங்க நல்லவராத்தான் தெரியறீங்க. ஆனா நீங்க பொறந்ததுலேர்ந்து ஒரு தடவயாவது சந்தோஷமா இருந்ததுக்கு இந்த வீட்ல ஆதாரமே இல்ல. கூரைக்காரர் மச்சான்ங்கறதுக்கு மட்டும் ஆதாரம் இருக்கு. நான் என்ன எழுதட்டும்? மெஷின எடுத்துட்டு வாங்க.”

நான் எழுந்து போய்க் குளவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். அதன் ஒரு விசிறி மட்டும் லேசாகச் சுற்றி நின்றது. அதிகாரி பையின் வாயைத் திறந்தார்.

“காதப் பாருங்க தம்பி,” என்றாள் என் மனைவி.

இத்தனை நேரம் கதவோரம் நின்று ஒரு வார்த்தை பேசாதவள். எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

“முகத்தப் பாத்து என்ன பிரயோஜனம்? நானே கல்யாணமான புதுசுலேயே அத விட்டுட்டேன். இவருக்கு இடது காது. மனசுக்குப் பிடிச்சா ஆடும்.”

“யாருக்கு?” என்றேன்.

“உங்களுக்குத்தான். உங்ககிட்ட சொன்னா அதையும் அடக்கிடுவீங்கன்னு சொல்லல. எந்தச் சட்டை பிடிக்குது, எந்தக் குழம்பு பிடிக்குது, எந்தச் சொந்தக்காரன் எப்பக் கிளம்பணும், எல்லாம் அதான் எனக்குச் சொல்லும்.” பிறகு அதிகாரியிடம், “இவர மறுபடியும் அந்த நாற்காலியில உக்கார வெச்சுட்டுப் போயிடாதீங்க தம்பி. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

காது என்னுடையது. ஆனால் அதன் நடவடிக்கைகள் இத்தனை வருடமாக அவளுக்குத்தான் தெரிந்திருக்கின்றன. திரும்பிப் பார்க்க முயன்றேன். காதும் கூடவே திரும்பிவிட்டது.

அதிகாரி வீடியோவைப் பெரிதாக்கினார். முகம் அதே பூட்டிய கடை. பக்கத்தில் இடது காது, எசமானனைக் கண்டு வாலாட்டுகிற நாய்க்குட்டி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மச்சான் மெய்மறந்து கைதட்டிவிட்டான்.

ஆனால் விமானத்துக்காரரை அவ்வளவு சீக்கிரம் மடக்க முடியாது. “விசிறிக் காத்துல ஆடியிருக்கலாம்” என்றார். மேசை விசிறியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே வைத்து முழு வேகத்தில் முடுக்கினார். திரைச்சீலை பறந்தது, ஆல்பத்தின் பக்கங்கள் புரண்டன, மச்சானின் தலைமுடி இருந்த கொஞ்சமும் பின்னால் போனது. காது அசையவில்லை. காற்று இல்லை என்று எழுதிக்கொண்டார்.

“அடுத்தது, வியாபாரம். வியாபாரத்துலயும் மனுஷனுக்குச் சந்தோஷம் வரலாம் இல்லையா? கூரைக்காரரே, இவர் காதுகிட்டப் போய் உங்க தொழில் பேசுங்க.”

இதற்காகவே பிறந்தவன் போல மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஈரம் கசியாத பூச்சு பற்றிப் பேசினான். இரண்டு பூச்சுக்கும் மூன்று பூச்சுக்கும் உள்ள வித்தியாசம் பேசினான். உத்தரவாதம் எப்போது செல்லும், எப்போதெல்லாம் செல்லாது என்று சொன்னான். அதிகாரி கொட்டாவி விட்டார். என் மனைவி போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். காது அசையாததோடு இல்லை, கொஞ்சம் மடங்கிப்போனது போல் இருந்ததாக அதிகாரி பிறகு அறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறார்.

“போதும் கூரைக்காரரே.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாதாரணமாகக் கேட்பது போல, “சார், அந்தக் குளவிய ஒரு தடவ மேல விட்டுக் காட்டுங்களேன்” என்றார்.

என் காது வீசிய காற்றில் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் தாள்கள் படபடவென்று புரண்டு டிசம்பர் வந்துவிட்டதாக மச்சான் இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். நான் மிகைப்படுத்தக் கூடாது. ஒரு மாதம்தான் புரண்டது.

அதிகாரி அங்கேயே உட்கார்ந்து எழுதினார். ‘மேற்படி நபர், இயந்திரம் தரையை விட்டு எழும்பிய நேரத்தில் மகிழ்ச்சியாக இருந்தார் என்பதும், வியாபார நோக்கம் அவருக்கு மகிழ்ச்சி தருவதில்லை என்பதும், இடது காதின் வாயிலாக ஐயமற நிறுவப்பட்டன.’ முத்திரை குத்தினார். குளவியை என் கையில் கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு, தயங்கித் தயங்கி, நானும் ஒரு தடவை விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். மாடிக்குக் கூட்டிப்போனேன். தொட்டிக்குள் மரத்தையும் பூனைகளையும் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“சார்,” என்றேன், “சம்பள நேரத்துல பறக்கவிட்டா அது தொழிலா, சந்தோஷமா?”

உடனே கட்டுப்பாட்டுக் கருவியை என்னிடம் தந்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பல் டாக்டர் தன் கூரை வெடிப்பை வேறு ஆளை வைத்துப் பூசினார். அது மச்சானுக்குப் பேனரைக் கழற்ற நேர்ந்ததைவிடப் பெரிய அவமானம்.

இதோடு கதை முடிந்திருந்தால் நானும் உங்களைப்போல வெறும் காதோடு நடமாடிக்கொண்டிருப்பேன். ஆனால் அன்று சாயங்காலம் தாளை எங்கே மாட்டலாம் என்று மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கையில், என் மனைவி திடீரென்று தம்பி பக்கம் திரும்பினாள்.

“தம்பி, எங்க கல்யாண வீடியோ உன்கிட்டதானே இருக்கு?”

மச்சான் ஒரே ஓட்டமாகப் போய்ப் பழைய வீடியோக் குறுந்தட்டுகள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தான். கல்யாண வீடியோ ஓடியது. அந்தக் காலத்தில் எல்லோரையும் போல நானும் காதை மூடி முடி வளர்த்திருந்தேன். அவள் டிவிக்கு மிக அருகில் போய் உட்கார்ந்து பார்த்தாள்.

“முடி மறைக்குது.”

“உள்ள ஆடியிருக்கும்,” என்றேன்.

“அது ஆதாரம் இல்ல,” என்றாள் அதிகாரியின் குரலில்.

மச்சானுக்கு இப்போது ருசி தட்டிவிட்டது. அடுத்த தட்டைப் போட்டான். அது என் மாமியாரின் இறுதிச் சடங்கு. வர முடியாத உறவினர்களுக்காக எடுத்தது.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் எங்களோடுதான் இருந்தார். அவரிடம் திட்டு வாங்காத ஆள் தெருவில் கிடையாது. ஒருநாள் திட்டு வாங்காமல் போய்விட்ட தபால்காரர், தன்மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது என்று மனம் கேட்காமல் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து, கேட்டு வாங்கிக்கொண்டு போனார். என்னை அவர் கடைசி வரை ‘அந்த ஜன்னல்காரன்’ என்றுதான் சொன்னார்.

திரையில் மச்சான் ஒலிபெருக்கியின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தான். முன்வரிசையில் நான், பூட்டிய கடையோடு, மரியாதையாக நின்றிருந்தேன். முடி அப்போது கொட்டிப்போயிருந்தது. காது இரண்டும் பளிச்சென்று தெரிந்தன.

“எங்க அம்மா,” என்று தழுதழுத்தான் திரையிலிருந்த மச்சான், “தன் வாழ்நாள்ல ஒருத்தரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்ல.”

இடது காது கிளம்பியது. குளவியைப் பார்த்தபோது ஆடியதெல்லாம் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு அது சுழன்றது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் லைசன்ஸ் தேவைப்பட்டிருக்கும்.

மச்சான் வீடியோவை நிறுத்தினான்.

“அத்தான். அம்மா சாவுல.”

“நீ பேசினது நல்லா இருந்துச்சுடா. அதான்.”

“அக்கா, பாத்தியா இவர?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்க்கிறாள் என்று நானும் பார்த்தேன். நிறுத்திய காட்சியில் எனக்குப் பின்வரிசையில் அவள் நின்றிருந்தாள், வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு. நான் ரிமோட்டை எடுத்து மறுபடியும் ஓடவிட்டேன். ‘ஒரு கடுஞ்சொல் சொன்னதில்ல’ என்றான் மச்சான். முன்னால் என் காது சுழன்றது. பின்னால் அவள் தோள் இரண்டும் குலுங்கின. கைக்குட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

அன்று அவள் துக்கம் தாளாமல் குலுங்கிக் குலுங்கி அழுததாக உறவினர்கள் இன்னும் சொல்வார்கள். நானே நம்பியிருந்தேன். தேற்றினேன்கூட.

“நீ அழுதியா?” என்றேன்.

“எனக்கு இருமல்.”

“தோள்லயா?”

“அடுப்புல பால் இருக்கு,” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் பால் இல்லை என்பது எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் இருமல் கேட்டது.

“அக்காவுக்கு அம்மா ஞாபகம் வந்துடுச்சு. எல்லாம் உங்களாலதான்,” என்றான் மச்சான். அவன் கூரைக்காரன். விரிசல் கண்ணில் படும், பக்கத்தில் இருக்கும் ஆள் படமாட்டான்.

அன்றிலிருந்து குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் இடது பக்கம் நாற்காலி கிடைப்பதில்லை, அவ்வளவு கூட்டம். யாராவது ஒருவர் பேச எழுந்தால், பேசுகிறவரே ஓரக்கண்ணால் என் காதைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறார். அதனால்தான் இந்த வெயிலிலும் கம்பளிக் குல்லா. காதில் சளியா என்று கேட்கிறவர்களுக்கு ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். மாடியில் குளவி கிளம்பும்போது மட்டும் கழற்றிவிடுவேன். அது சட்டப்படி நல்லது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மச்சானின் பிறந்தநாள். தான் நேர்மையாகத் தொழில் செய்து முன்னேறிய கதையை ஒலிபெருக்கியில் பேசப் போகிறானாம். என் மனைவி இன்றைக்கே துவைத்துப் போட்டுவிட்டாள். கொடியில் என் குல்லாவும், பக்கத்தில் அவளுடைய பெரிய கைக்குட்டையும் காய்ந்துகொண்டிருக்கின்றன.